வாங்காத மீன்

மீன்காரருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. ஐஸில் கிடக்கும் மீனை ஏழு வருஷமாக அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தி வலது கையில். டாக்டரிடம் காட்டியதற்கு அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு ஐஸ்ல கை வைக்காம இருங்க" என்றார். கொஞ்ச நாளைக்குச் சாப்பிடாமல் இருங்க என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீன்காரர் மண்டையை ஆட்டிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐஸ் கொட்டப் போய்விட்டார்.

அவர் வேலை பார்த்தது சந்தையில் இல்லை. ஊரில் பெரிய இடத்து ஆட்கள் மளிகையும் காய்கறியும் வாங்குகிற சங்கிலிக் கடை அது. பன்னிரண்டு கிளைகள். கடைக்கென்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆனால் பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் அது கண்ணாடிக் கடைதான். உள்ளே ஒவ்வொரு தக்காளியும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். கீரைக்கு அரை மணிக்கொரு தரம் பன்னீர் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளிப்பார்கள். விலை மட்டும் எறும்பு எழுத்தில் இருக்கும். அந்தக் கடையில் யாராவது குனிந்து விலையைப் படித்தால் செக்யூரிட்டிக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்படி விலை கேட்காமலேயே வாங்கிப் பழகிய ஆட்களுக்கும் ஒருநாள் கோபம் வந்தது. அரிசி ஏறியபோது வரவில்லை, எண்ணெய் ஏறியபோதும் வரவில்லை. மீன் தலையில் வந்தது.

முன்பெல்லாம் மீனை எடை போட்டு, வெட்டிச் சுத்தம் செய்து, தலையோடு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். புது வருஷத்திலிருந்து மேலிடம் முறையை மாற்றியது. எடை போடுவது முழு மீனை. வெட்டுவதற்குத் தனிக் கூலி. தலை கடைக்கு. அந்தத் தலையையே பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் 'சூப்புக்கு உகந்தது' என்று சீட்டு ஒட்டி இன்னொரு விலைக்கு வைத்தார்கள். ஒட்டியது மீன்காரர்தான். இரண்டு வாரம் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பெரியவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவராம், கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"நான் காசு குடுத்த தலையை எனக்கே விக்கிறியா? அது என் தலைய்யா!"

பின்னால் நின்ற யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். 'அது என் தலைய்யா' நாலே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஆட்டோவின் முதுகில்கூட எழுதியிருந்தார்கள். சிரிப்பாய்ச் சிரித்த ஜனம் பிறகு பழைய பில்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அப்போது கிளம்பியதுதான் 'மூன்று வி'. வெட்டச் சொல், விலை கேள், விட்டுவிட்டு வா. அவ்வளவுதான் போராட்டம். கொடி பிடிக்க வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். குளிரூட்டின கடைக்குள் போய் ஒரு பெரிய மீனை வெட்டச் சொல்லி, பொட்டலத்தை பில் போடும் இடம் வரை கொண்டுபோய், தொகையைக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிட வேண்டும். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் கைதட்டல் கிடைக்கும்.

வெட்டாத மீனைத் திரும்ப ஐஸில் வைக்கலாம். வெட்டின மீனை என்ன செய்வது? இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்பது கடை விதி. வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் கொட்டி, யாரும் பொறுக்கித் தின்றுவிடாதபடி நீல மருந்தை மேலே ஊற்ற வேண்டும். அதையும் மீன்காரரே செய்தார். முதல் இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மனசிடம் கேட்கவே இல்லை.

மேனேஜருக்கு வயது முப்பதுகூட இருக்காது. எந்நேரமும் கழுத்துப்பட்டையோடு இருப்பதால் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு டை என்று பெயர். மீன்காரரை அண்ணே என்பான். மீன்காரர் அவனை சார் என்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த டை தொட்டியின் எடைச் சீட்டோடு வந்து நின்றான்.

"அண்ணே, போன வாரமே நாப்பது கிலோவைத் தாண்டிருச்சு. இந்த வாரமும் தாண்டுனா மீன் கவுன்ட்டரை மூடிருவோம்னு மேல இருந்து எழுத்துலயே வந்துருச்சு. வெளியிலேர்ந்து பாக்கெட் மீன் எறக்கிருவாங்க."

"இப்ப எவ்வளவு சார் ஆயிருக்கு?"

"முப்பத்தேழரை. நாளைக்கு ஒரு நாள் தாக்குப் பிடிச்சிட்டா, நான் ஏதாவது சொல்லிப் பாப்பேன்."

"மூடிட்டா நான்?"

டை சீட்டை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பாப்போம்ணே" என்றான்.

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று மீன்காரருக்குத் தெரியும். இரண்டு விரல் செத்த ஆளைச் சந்தையில் எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான். அங்கே நிமிஷத்துக்கு ஒரு மீன் வெட்ட வேண்டும். இங்கே பொறுமையாக, அழகாக வெட்டினால் போதும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீடு என்பது இரண்டு அறை. முன்னறையில் கூரை ஒழுகும் இடம் மூன்று. மூன்றுக்கும் பாத்திரம் வைத்து, எது நிறைந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே மனைவி சொல்லிவிடுவாள். மகள் காலேஜிலிருந்து இன்னும் வரவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அடுக்குமாடியில் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் சமையல் வேலை. அங்கே நறுக்கிவிட்டு வந்து இங்கே நறுக்குவாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் தலை நிமிராமலேயே சொன்னாள்.

"நாளைக்கு உங்க கடைக்கு வரேன்."

"எதுக்கு?"

"மீனுக்கு."

"நீ மீன் வாங்குற கடையா அது?"

"வாங்க இல்ல. வாங்காம இருக்க."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாயில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா அனுப்புறாங்களா?"

அம்மா என்றால் அவள் சமைக்கும் வீட்டுக்காரம்மா. அந்த அடுக்குமாடியில் மூன்று வி குழுவுக்கு அவர்தான் எல்லாம்.

"அவங்க ஆறு தடவ வந்துட்டாங்களாம். வாசல்லயே போட்டோ ஒட்டி வெச்சுட்டீங்களாமே, செக்யூரிட்டி உள்ளயே விடலியாம். அழுதுட்டாங்க பாவம். என்னைப் போய்த் திருடியாட்டம் நிறுத்திட்டானேன்னு. அப்புறம் என்னைப் பாத்து, உன் மூஞ்சி யாருக்கும் தெரியாது, நீ போயிட்டு வாடின்னாங்க."

"எம் புருசன் அங்கதான் வேலை பாக்குறாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்ப சொல்றது?"

"எப்பவாவது."

"முத நாளே சொல்லியிருக்கணும். கடைக்காரன் களவாணின்னா, அதை வெட்டிக் குடுக்குறவன் கூட்டுக்களவாணின்னு சொன்னாங்க. அப்ப நான் டீ ஆத்திக்கிட்டு இருந்தேன். ஆத்திக்கிட்டே இருந்துட்டேன். அன்னிக்கு வாயை மூடினது, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தொறக்குறது? இத்தனை நாளா ஒட்டுக் கேட்டியான்னு கேப்பாங்கல்ல?"

மூலையில் இருந்த பாத்திரத்தின் சத்தம் மாறியது. அவள் எழுந்துபோய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"முடியாதுன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவ்வளவு நல்லவங்க. ஆனா புள்ளையக் காலேஜ்ல சேத்துவிட்டது அவங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. இத்தனை வருசத்துல அவங்க என்னைக் கேட்ட மொத உதவி இது."

"நாளையோட கணக்கு முடியுது. ரெண்டரைக் கிலோதான் இடம் இருக்கு. தாண்டுச்சுன்னா கவுன்ட்டரே இல்ல."

"மூணு கிலோன்னு சொல்லியிருக்காங்களே."

"சின்ன மீனாக் கேளு."

"எடைச் சீட்டோட போட்டோ அனுப்பணுமாம். நேரமும் அதுல இருக்கணுமாம்."

இருவரும் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டிருக்கலாம். போடுகிற வயதும் தெம்பும் முன்பு இருந்தன. இப்போது இரண்டு பேருக்கும் தூக்கம்தான் வந்தது.

கடைசியில் மீன்காரர்தான் வழி கண்டுபிடித்தார். "காலையில எவனாவது ஒருத்தன் வந்து விட்டுட்டுப் போவான். அந்தப் பொட்டலத்தைத் தொட்டியில போடாம ஐஸுக்கு அடியில சொருகி வெக்கிறேன். நீ பதினோரு மணிக்கு வா. அதையே எடுத்துத் திரும்ப எடை போட்டு, புதுச் சீட்டு அடிச்சுத் தரேன். ஒரே மீனு, ரெண்டு தடவ. தொட்டிக்கு ஒரு தடவதான் போகும்."

"மாட்டிக்க மாட்டீங்களே?"

"பதினோரு மணிக்கு டை மாடியில மீட்டிங்ல இருப்பான். நீ மட்டும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. காய் அடுக்குற பொண்ணு ஒருத்தி, அவ சித்தப்பா மவன் குழுவுல இருக்கான்னு தெரிஞ்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"பேச்சு வராதுங்க எனக்கு. பயத்துல உளறிருவேன்."

"என்ன பேச்சு? மூணு கிலோல ஒரு மீன் வேணும், துண்டு போடுங்க. முடிஞ்சுது."

"மூணு கிலோல ஒரு மீன் வேணும், துண்டு போடுங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மகள் வந்து செருப்பைக் கழற்றும் வரை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதையே முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மழை விடவில்லை. கடை வாசலில் ஈரக் குடைகளுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொடுத்தார்கள். மீன்காரர் ஐஸைக் கொட்டிப் பரப்பி, மீன்களை வாலும் தலையுமாகச் சாய்த்து அடுக்கினார். இடது கையில் இரும்பு வலை உறையை மாட்டினார். கத்தியைத் தீட்டினார். பத்து மணிக்கு ஒரு தாத்தா வந்து ஒரு கிலோ மீனை வெட்டச் சொன்னார். செதில் உரித்து, வயிற்றைக் கீறி, குடலை வழித்து, விரற்கடை அகலத்துக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிஷத்தில் பொட்டலம் பில் போடும் இடத்திலிருந்து அனாதையாகத் திரும்பி வந்தது. மீன்காரருக்கு அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. ஒரு கிலோதான் என்றாலும், கூட இன்னொன்று வந்தால் சேர்த்து எடை போட்டுக்கொள்ளலாம். அதை எடுத்து ஐஸுக்குள் நுழைக்கப் போனார்.

"குடுங்கண்ணே, நான் கொட்டிட்டு வரேன்."

டை நின்றுகொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"மீட்டிங் சார்?"

"போகல. இன்னிக்கு முழுக்க இங்கதான் நிக்கப்போறேன். யாரு வெட்டச் சொன்னாலும் நான் கிட்ட இருந்து பேசிப் பாக்குறேன். நம்ம கவுன்ட்டர்ணே இது. சும்மா விட்டுருவமா?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான். நீல மருந்தின் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. திரும்பி வந்து மீன்காரருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச நின்றான். நல்ல பையன்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவிக்குப் போன் பண்ணலாம் என்றால் போனெல்லாம் வரும்போதே பூட்டறையில் வாங்கி வைத்துவிடுவார்கள். தொட்டியில் இன்னும் ஒன்றரைக் கிலோவுக்குத்தான் இடம்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். காய்கறிப் பக்கம் திரும்பும்போதே நடையை வைத்து மீன்காரருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே கண்ணை இறக்கி மீன்மேல் வைத்தவர்தான், பிறகு தூக்கவில்லை. தூக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

தள்ளுவண்டி கண்ணாடியில் இடித்து நின்றது.

"வாங்கம்மா, என்ன வேணும்?" என்றான் டை, தேனொழுக.

இரண்டாவது ஆள் நிற்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. தள்ளுவண்டி கொஞ்சம் பின்னுக்குப் போய் மறுபடி வந்து இடித்தது. பிறகு குரல் வந்தது.

"மூணு கிலோல ஒரு மீன் வேணும், துண்டு போடுங்க."

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நெஜமாவே வாங்குறதுக்குத்தானே? விலையை இப்பவே சொல்லிடறேன். சின்ன மீனா எடுத்துக்கங்களேன், ருசியும் அதுலதான். என்னண்ணே?"

"ஆமா சார்" என்றார் மீன்காரர், மீனைப் பார்த்தபடி. சின்னதை வாங்கு, சின்னதை வாங்கு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. அவளுக்கோ பாடம் பண்ணியதைத் தவிர வேறு வார்த்தையே நினைவில் இல்லை. அவர் சொன்ன ஆமாவில் என்ன இருக்கிறது என்று யோசிக்கும் நிலையிலும் அவள் இல்லை.

"மூணு கிலோல ஒரு மீன் வேணும்" என்றாள் மறுபடி. கண்ணாடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் அவருக்குத் தெரிந்தன.

மீன்காரர் இருந்ததில் மூன்று கிலோவுக்குப் பக்கத்தில் ஒன்றை எடுத்து எடை போட்டார். மூன்றுக்கு ஐம்பது கிராம் கூடவே நின்றது. செதிலை உரிக்கும்போது ஒரு செதில் அவர் உதட்டில் தெறித்து ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை. வேகமாக வெட்டினால் எல்லாம் வேகமாக முடிந்துவிடும் என்று நினைத்தார், கை கேட்கவில்லை. எப்போதும்போல நிதானமாக, அழகாகத்தான் வெட்டியது. இந்த மீனோடு தன் வேலையும் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, எங்கேயும் சுருக்கென்று குத்தவில்லை.

"எத்தனை துண்டும்மா போடணும்?" என்று கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும், எல்லோரிடமும் கேட்பதுதான்.

"நீங்களே பாத்துப் போடுங்கண்ணா."

கத்தி நின்றது.

கடைகண்ணிக்குப் போனால் எந்தப் பெண்ணும் அப்படித்தான் கூப்பிடுவாள். காய்காரரும் அண்ணா, பஸ்காரரும் அண்ணா. அந்தப் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது. கட்டின புருஷனை, பத்தொன்பது வருஷம் 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்ட வாய். கண்ணாடியைப் பிடித்திருந்த விரல்கள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. வீட்டில் நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், மகளிடம் சொல்லி அவளும் சிரித்திருப்பாள். மீன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. டை பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அவனுக்கும் அவர் அண்ணன்தானே.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் பதினைந்து துண்டு போட்டார்.

சீட்டு ஒட்டிப் பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். பில் போடும் அக்காவுக்கு அவளைத் தெரியும். மகள் பாஸானபோது வீடு தேடி வந்து மிட்டாய் வாங்கித் தின்றவள். அந்த அக்கா தலையைக் கவிழ்த்துக்கொண்டு தொகையைச் சொன்னாள். போனில் படம் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருக்கு நன்றாகத் தெரிந்த குரலில், "வேண்டாம்" என்று கேட்டது. அதை மட்டும் உளறாமல் சொல்லிவிட்டாள்.

டை ஓடினான். வாசல் வரை போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். மழையில் எல்லாக் குடையும் ஒரே கறுப்பாக இருக்கிறது, ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றான். பொட்டலத்தை அவனே தொட்டிக்குக் கொண்டுபோனான். வரும்போது கையில் எடைச் சீட்டு இருந்தது. அதை மீன்காரரிடம் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தான்.

"முடிஞ்சு போச்சுண்ணே. எதனால தாண்டுச்சுன்னு மேல எழுதணும். இந்த அம்மாவோட போட்டோவும் இல்ல. வாசல் கேமராவுல குடைதான் தெரியுது. இங்க இருக்குற கேமரா வெட்டுற கையை மட்டும்தான் பாக்கும். நான் மீனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் எதிர்ல நின்னீங்க, சொல்லுங்க. வயசு என்ன இருக்கும்?"

"நாப்பது இருக்கும் சார்."

"உயரம்?"

"நடுத்தரம்."

"முன்ன பின்ன பாத்த ஆளா?"

பெரிய மீனின் தலை இன்னும் பலகையிலேயே கிடந்தது. மீன்காரர் அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இல்ல சார்" என்றார்.

"என்ன கலர் புடவை?"

இதற்கு என்ன சொல்வது என்று மீன்காரர் ஏற்கனவே முடிவு பண்ணி வைத்திருந்தார். என்ன கலரோ அதை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லிவிட வேண்டும். சிவப்பென்றால் பச்சை, பச்சையென்றால் நீலம். நேற்று ராத்திரியே இப்படி எதற்காவது பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் பொய் சொல்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். யோசித்தார். கண்ணாடியைப் பிடித்த விரல்கள் ஞாபகம் வந்தன. அண்ணா என்ற குரல் ஞாபகம் வந்தது. அதற்கு மேலே போனால் ஒன்றுமே இல்லை. காலையில் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். சரி, நேற்று சாயங்காலம் பீன்ஸ் நறுக்கும்போது என்ன கட்டியிருந்தாள்? முந்தாநாள்? அவளிடம் மொத்தம் ஆறேழு புடவை இருக்கும். ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒரு புடவைகூட வரவில்லை.

"ஒடம்புல அடையாளம், மச்சம், வேற எதாவது?"

"தெரியல சார்."

"எதிர்லயே நின்னீங்களேண்ணே."

"தெரியல சார்" என்றார் மறுபடியும். "நெஜமாவே தெரியல."

டை அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவை அவர் பக்கம் நீட்டினான். மீன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.